எட்டு மா நிலமும் ஓர் அகராதியும்

பள்ளிக்கூடத்துத் தோழிகளே, பழைய மாணவியர் மலருக்கு ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி வாட்ஸப் குரூப்பில் போட்டிருந்தீர்கள். சந்தோஷமான நினைவாக இருக்க வேண்டும் என்று கீழே ஒரு குறிப்பு வேறு. முட்டிவலித் தைலமும் மாத்திரை டப்பாவுமாக ஆகிவிட்ட இந்த வயதில் இனி யாருக்குப் பயந்து சந்தோஷமாக எழுதுவது? எனக்கு வருவது இதுதான். போடுவதானால் போடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

நம் குரூப்பில் தினம் காலையில் குட்மார்னிங் ரோஜாப்பூவுக்குப் பிறகு 'இன்று ஒரு சொல்' என்று ஒன்று வரும். போடுகிறவள் எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுப் பெண். மன்னார்குடியில் நம்மோடு படித்தவள், இப்போது சென்னையில் பேரன் பேத்தியோடு இருக்கிறாள். பதவியையும் அந்தஸ்தையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று எழுதுவாள். லார்ட் என்றால் ஆதியில் ரொட்டிக்குக் காவல் இருந்தவன். லேடி என்றால் ரொட்டிக்கு மாவு பிசைந்தவள். நைட் என்ற வீரன் ஒரு காலத்தில் வெறும் ஏவல் பையன். நீங்கள் எல்லோரும் கட்டைவிரல் போடுவீர்கள். நானும் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

போன மாதம் அவள் ஒரு படம் போட்டாள். கோடு போட்ட பழைய நோட்டு, மஞ்சளாகிப் போன பக்கம். 'எட்டாவது படிக்கும்போது எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து அகராதி பார்த்து நானே எழுதினது. ஊர் வீட்டை இடிக்கும்போது பரண்ல கிடைச்சுது' என்று கீழே எழுதியிருந்தாள். நீங்கள் கைதட்டினீர்கள். ஒருத்தி, 'அப்பவே என்ன கையெழுத்துடி, முத்து முத்தா!' என்று வியந்திருந்தாள்.

மாடியாவது மண்ணாங்கட்டியாவது. அது என் கையெழுத்து. எழுதிய இடம் அவர்கள் வீட்டு மாட்டுக்கொட்டகை.

என்னை ஞாபகம் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். கடைசி பெஞ்சு, சுவரோரம். பிற்பாடு தாலுகா ஆபீசில் சேர்ந்து அங்கேயே ரிட்டயர் ஆனவள். எங்கள் ஊர் மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி. ஊர் ஒரு பக்கம், எங்கள் தெரு ஒரு பக்கம், நடுவில் வாய்க்கால். அந்தப் பெண்ணின் அப்பா, பெரிய வீட்டு ஐயா, ஊருக்கு மிராசுதார். அவருடைய நிலத்தில் எட்டு மாவை அப்பா குத்தகைக்குச் சாகுபடி செய்தார். எட்டு மா என்றால் மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் குறைச்சல். மாடு எங்களுடையது, ஏர் எங்களுடையது, விதை எங்களுடையது. அறுப்பு முடிந்ததும் பேசியபடி குத்தகை நெல்லை ஐயா வீட்டுக்கு அளந்துவிட்டு மீதியை வீட்டுக்குக் கொண்டு வருவோம். எங்கள் தெருவில் மற்ற எல்லோரும் பண்ணையில் கூலிக்குப் போகிறவர்கள். அப்பா ஒருவர்தான் குத்தகைக்காரர். அம்மாவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

ஆனால் அப்பா ஐயாவுக்கு முன்னால் 'குத்தகைக்காரன்' என்ற சொல்லை வாய் தவறிக்கூடச் சொல்ல மாட்டார். வெளியூர் ஆள் யாராவது வந்து, "இவரு யாரு?" என்று கேட்டால், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஐயா பண்ணையாளுங்க" என்பார். அதுதான் எங்கள் ஊர் மரியாதை. குத்தகைக்காரன் என்று சொன்னால் நிலத்தில் பாத்தியதை கேட்கிற மாதிரி ஆகிவிடுமாம். அப்பாவின் அப்பாவும் அப்படித்தான் சொன்னாராம். ஐயா அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொள்வார். பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேருக்கும் அது சுகமாக இருந்தது.

அந்த வருஷம் சம்பா நடவு நேரத்தில் தஞ்சாவூரில் பள்ளிக்கூடங்களுக்கான ஆங்கிலப் பேச்சுப்போட்டி வைத்தார்கள். உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்று ஆட்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் பிறந்த கதை, அதுதான் தலைப்பு. நம் வகுப்பிலிருந்து பெரிய வீட்டுப் பெண் போகிறாள் என்று முடிவாயிற்று. அவளிடம் மாமா வாங்கிக் கொடுத்த பெரிய ஆங்கில அகராதி இருந்தது. சிவப்பு அட்டை, தலையணை மாதிரி கனம், ஒவ்வொரு சொல்லுக்கும் அது எங்கிருந்து வந்தது என்று கடைசியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். தேடி எழுத அவளுக்குச் சோம்பல். என் கையெழுத்து அழகு. பொருத்தம் கூடிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் நான் அவளை வாடி போடி என்றுதான் பேசுவேன். பஸ்ஸை விட்டு எங்கள் ஊரில் கால் வைத்ததும் அவள் 'சின்னம்மா' ஆகிவிடுவாள். ஒரே வயசுதான். என்ன செய்வது, பஸ் படிக்கட்டுக்கு மேலே ஒரு நாக்கு, கீழே ஒரு நாக்கு.

தினம் சாயங்காலம் கொல்லை வழியாகப் போவேன். மாட்டுக்கொட்டகை ஓரத்தில் சாக்கை விரித்துக்கொண்டு உட்கார்ந்துகொள்வேன். அவள் அகராதியைக் கொண்டு வந்து துணி துவைக்கும் கல்லில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். நான் எடுத்துக்கொள்வேன். எழுதி முடித்துத் திரும்பவும் கல்லில் வைத்தால், அந்த வீட்டம்மா வந்து பார்ப்பார். பாத்திரமாக இருந்தால் தண்ணீர் தெளித்துவிடுவார்கள். புத்தகத்துக்குத் தண்ணீர் தெளிக்க முடியாதே! அதனால் மறுநாள் வெயிலில் காய வைத்துத்தான் உள்ளே எடுத்துப் போவார்கள். அந்த அட்டையின் சிவப்பு ஒரு பக்கம் மட்டும் வெளுத்துப் போனதற்குக் காரணம் நான்தான்.

அவள் கெட்டவள் இல்லை. முறுக்கு கொண்டு வந்து பாதி தருவாள். அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல், கெட்டவளாக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஒரு நாள் அவளே சொன்னாள். "போட்டி முடிஞ்சதும் இந்தப் புத்தகம் உனக்குத்தான். எங்கப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"நெசமாவா சின்னம்மா?"

"சத்தியமா. எனக்கு எதுக்கு இது? தூக்கவே முடியல."

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டில் புத்தகம் என்றால் என் பாடப்புத்தகமும் பஞ்சாங்கமும்தான். அந்த அகராதிக்காக நான் எதையும் செய்திருப்பேன். செய்தும் விட்டேன், அதற்குத்தான் வருகிறேன்.

சொற்களில் எனக்குப் பைத்தியம் பிடித்தது. மார்ஷல் என்ற பெரிய தளபதி ஆதியில் குதிரை லாயத்து ஆள். அங்கே குதிரை கழுவினவன் படை நடத்தப் போய்விட்டான். எங்கள் தெருவில் மாடு கழுவினவர் மாடுதான் கழுவிக்கொண்டிருந்தார். வில்லன் என்ற சொல்லைப் பார்த்தால், பிரபுவின் நிலத்தில் உழுகிற குடியானவன். உழுகிறவனைக் கெட்டவன் ஆக்கியது யார்? வேறு யார், அவன் உழுத நெல்லை, சரி, கோதுமையைத் தின்றவன்தான். இது இப்போது சொல்கிறேன். அப்போது இவ்வளவு புத்தி இல்லை, அழகாக எழுதினால் போதும் என்றிருந்தேன்.

கூலி என்ற சொல் அதில் இருந்தது. தமிழிலிருந்து போயிருக்கலாம், குஜராத்திலிருந்தும் போயிருக்கலாம் என்று போட்டிருந்தது. பி எழுத்துக்கு வந்தபோது எங்கள் சாதிப் பெயரே கிடந்தது. தமிழ்ச் சொல், பறை அடிக்கிறவர்கள் என்று வேர் போட்டிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. நம்ம பெயர் லண்டன் வரைக்கும் போயிருக்கிறதே! பிறகுதான் மேலே அர்த்தத்தைப் படித்தேன். எல்லோராலும் ஒதுக்கி வைக்கப்பட்டவன், அருவருக்கத்தக்கவன். இங்கிலீஷ்காரனுக்குக் கொடுத்தனுப்ப எங்கள் தெருவில் இதுதான் கிடைத்ததா?

எழுதியதைக் காட்டினேன். அவள் முகம் சுருங்கியது. "இது வேணாம். மேடையில சொல்ல நல்லா இருக்காது. உனக்கும்தானே கஷ்டம்? அடிச்சிடு."

அந்த வரியை மை கொட்டிக் கறுப்பாக அடித்தேன்.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம் எழுத வேண்டும் என்று நம் ஆங்கில டீச்சர் சொல்லியிருந்தார். டெனண்ட் என்ற சொல் வந்தது. குத்தகைதாரர். லத்தீனில் 'பிடித்திருப்பது' என்பது வேர். நிலத்தைப் பிடித்திருப்பவர். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 'என் தந்தை ஒரு டெனண்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கீழே கோடும் போட்டேன்.

அதே சமயத்தில்தான் குத்தகைச் சாகுபடி செய்கிறவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றும் வேலை ஊர் ஊராக நடந்தது. பெயர் ஏறிவிட்டால் நிலத்துக்காரர் நினைத்தபோது வெளியேற்ற முடியாது. பெயர் ஏறாவிட்டால் ஒரு பாதுகாப்பும் இல்லை. எங்கள் ஊருக்கு ஆபீசர் வருகிறார் என்று தண்டோரா போட்டார்கள். அம்மா அப்பாவை நாற்றங்காலிலேயே பிடித்துக்கொண்டாள். இருவரும் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்கள், நான் முடிச்சுகளை வரப்பில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு அங்க போயி வழக்கம்போலப் பண்ணையாளுங்கன்னு சொன்னீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"அடி போடி, எனக்குத் தெரியாதா?"

"எங்க, இப்ப சொல்லுங்க பாப்போம்."

"குத்தகைக்காரன்." அப்பா சேற்றைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"சத்தமா!"

"குத்தகைக்காரன்டி! போதுமா?"

நான் சும்மா இருப்பேனா? "அப்பா, இங்கிலீஷ்ல டெனண்ட்டுன்னு சொல்லணும். நிலத்தைப் பிடிச்சிருக்கிறவருன்னு அர்த்தம்" என்றேன். அப்பாவுக்கு அது பிடித்துவிட்டது. ஒவ்வொரு பிடி நாற்றையும் பிடுங்கிக் காலில் தட்டிச் சேற்றை உதறும்போது, "டெனண்ட்டு… டெனண்ட்டு…" என்று சொல்லிக்கொண்டே போனார். அம்மா சிரித்துச் சிரித்து நாற்றங்காலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

விசாரணை எங்கே நடந்தது தெரியுமா? ஐயா வீட்டு நெல் களத்தில். ஆபீசருக்கு ஐயா வீட்டு நாற்காலி, ஐயா வீட்டுக் காபி. யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. ஐயா யாரையும் மிரட்டவில்லை, தோழிகளே. முன்கூட்டி ஆள் அனுப்பவில்லை, முறைக்கவில்லை. பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். மிச்சத்தை எங்கள் ஊர் வழக்கம் பார்த்துக்கொண்டது.

அப்பாவைக் கூப்பிட்டார்கள். களத்தில் கால் வைத்ததும் துண்டு தோளிலிருந்து தானாக இடுப்புக்கு இறங்கியது. 

"நீ யாருய்யா? இந்த நிலத்துல உனக்கு என்ன?" என்று ஆபீசர் கேட்டார்.

அப்பா ஐயாவைப் பார்த்தார். குனிந்தார். "ஐயா பண்ணையாளுங்க" என்றார்.

"ஐயோ, பொய்ங்க! குத்தகைங்க! மாடு எங்க மாடுங்க, வெதை எங்க வெதைங்க!" கூட்டத்திலிருந்து அம்மா கத்தினாள்.

"நீ சும்மா இரும்மா. சம்பந்தப்பட்ட ஆளே சொல்றாரு." ஆபீசர் அப்படிச் சொன்னாரே தவிர உடனே எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டு அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கடைசியில் அம்மா பக்கத்தில் யூனிஃபார்மில் நின்ற என்னைப் பார்த்தார். நல்ல மனுஷன் என்று இப்போது தோன்றுகிறது. "படிக்கிற பொண்ணா? இங்க வாம்மா. பயப்படாம சொல்லு. உங்கப்பா குத்தகைக்கு ஓட்டுறாரா, கூலிக்கு வேலை பாக்குறாரா?"

ஒரு சொல். ஒரே ஒரு சொல்தான் என்னிடம் கேட்டார். தமிழிலும் தெரியும், இங்கிலீஷிலும் தெரியும், அதன் லத்தீன் வேர்கூட எனக்குத் தெரியும்.

ஐயா வீட்டு நிலைப்படியில் பெரிய வீட்டுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். மறுநாள் போட்டி. அகராதியை மார்போடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவளும் மிரட்டவில்லை, கண் காட்டவில்லை. நான் அந்தச் சிவப்பு அட்டையைப் பார்த்தேன்.

"தெரியாதுங்க" என்றேன்.

"சின்னப் பொண்ணு. வீட்டு விஷயம் அதுக்கு என்ன தெரியும், பாவம்" என்றார் ஐயா. ஆபீசர் பேனாவைத் திறந்து எழுதினார்.

வாய்க்கால் தாண்டி வரும்போது அப்பா என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். "பயந்துட்டியாம்மா? பரவால்ல, விடு. நாம இப்படி நடந்துக்கிட்டது ஐயாவுக்குத் தெரியும்ல? அவரு நம்மள விட்டுடுவாரா?" அம்மா எங்களை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

தஞ்சாவூரில் பெரிய வீட்டுப் பெண்ணுக்கு முதல் பரிசு. தலைமையாசிரியை காலைப் பிரார்த்தனையில் அவளை மேடைக்கு அழைத்து, சொந்தமாகத் தேடிப் படிக்கும் பழக்கத்துக்கு இவள்தான் உதாரணம் என்றார். நீங்களும் கைதட்டினீர்கள், ஞாபகம் இருக்கும். நானும் தட்டினேன். அவள் வாக்குத் தவறவில்லை. அன்று சாயங்காலமே அகராதியைத் துவைக்கிற கல்லில் வைத்தாள். நோட்டை மட்டும் அவள் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு தொட்டுப் பார்த்தார். அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள்.

"எட்டு மா நெலமும் இவ்வளவு கனம்தானா?" என்று கேட்டுவிட்டு, என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

தை அறுப்புவரைக்கும் ஐயா ஒன்றும் சொல்லவில்லை. சித்திரையில் கூப்பிட்டனுப்பினார். "அடுத்த போகத்துலேருந்து நானே பண்ணை வச்சுப் பாத்துக்கலாம்னு இருக்கேன். நீ எங்கயும் போக வேணாம். அதே வயல்ல கூலிக்கு இருந்துக்க" என்றாராம். அப்பா, "சரிங்க" என்றாராம். உழவு மாடு இரண்டும் சந்தைக்குப் போயின. ஆயுசெல்லாம் மரியாதைக்குச் சொன்ன பொய் அப்பாவுக்கு அந்த வருஷம் நிஜமாகிவிட்டது. இடுப்பு ஒடிகிற வரைக்கும் அந்த எட்டு மாவில் பிறத்தியார் ஏரைப் பிடித்துக் கூலிக்கு உழுதார். எனக்கு வேலை கிடைத்தபோது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார், "ஐயா வீட்டுப் புத்தகத்துல படிச்ச படிப்பு!" என்று. எனக்கு அவர் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது.

அப்பா என்னை ஒரு நாளும் குறை சொல்லவில்லை. அம்மாவும் திட்டவில்லை. ஆனால் ரேஷன் கார்டுக்கு, வாக்காளர் பட்டியலுக்கு என்று யார் வீட்டுக்கு வந்து என்ன கேட்டாலும், நான் வாயைத் திறக்குமுன் அம்மா சொல்லிவிடுவாள். "அவளக் கேக்காதீங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க." நான் தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க் ஆன பிறகும் அதையேதான் சொன்னாள். சாகும்வரை சொன்னாள்.

வேலையில் சேர்ந்த முதல் மாதமே அந்தப் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தேன். எங்கள் கிராமம், அந்த சர்வே எண், அப்பா பெயர். எதிரே 'குத்தகை இல்லை, கூலி' என்று நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தது. அதைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை, அத்தனை வருஷம் கழித்து யாருக்கும் இல்லை. அதன்பிறகு எங்கள் ஆபீசுக்கு யாராவது துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "துண்டைத் தோள்ல போடுங்க முதல்ல! நீங்க யாருன்னு நிமிந்து சொல்லுங்க!" என்று கத்துவேன். கோபக்காரி என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே கறுப்பாக ஒரு மைத் திட்டு. நடுவில் டெனண்ட். அதற்குக் கீழே கோடு போட்ட வாக்கியம், 'என் தந்தை ஒரு டெனண்ட்.' தோழிகளே, நீங்கள் எல்லோரும் ஆங்கிலம் படித்தவர்கள். மிராசுதார் வீட்டுப் பெண், தன் அப்பாவைக் குத்தகைதாரர் என்று ஏன் எழுதினாள் என்று உங்களில் ஒருத்திக்காவது கேட்கத் தோன்றியதா? எழுதியதாகச் சொல்கிறவளுக்கே தோன்றவில்லையே!

அவளுக்குத் தனியாக எழுதினேன். 'அது என் கையெழுத்து. மாடி இல்லை, மாட்டுக்கொட்டகை.' உடனே பதில் வந்தது. 'அட ஆமா! நீதான் ஹெல்ப் பண்ணே இல்ல? சுத்தமா மறந்துட்டேன்ப்பா. உனக்கு வேணுமா? கூரியர்ல அனுப்பட்டுமா?' இரண்டு சிரிப்பு முகம், ஒரு இதயம். வேறு ஒன்றும் அவளுக்கு ஞாபகம் இல்லை. அந்தக் களம், அந்த ஆபீசர், நிலைப்படியில் நின்றது, எதுவும் இல்லை. ஞாபகம் வைத்துக்கொள்ள அவளுக்கு அதில் என்ன போயிற்று?

நோட்டு போன வாரம் வந்தது. அப்பாவைக் குத்தகைதாரர் என்று எழுதிய காகிதம் உலகத்தில் இது ஒன்றுதான். அதுவும் இத்தனை வருஷம் ஐயா வீட்டுப் பரணில் கிடந்திருக்கிறது. மேஜைமேல் விரித்து வைத்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, "குத்தகைங்க" என்றேன். முணுமுணுப்பாகத்தான் வந்தது. மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். "எங்கப்பா குத்தகைக்காரருங்க."

கேட்ட ஆபீசரும் இல்லை, குனிந்த அப்பாவும் இல்லை. அவளைக் கேக்காதீங்க என்று சொல்ல அம்மாவும் இல்லை.